பற்றவைக்கப் பற்றவைக்க ஓட்டை பெரிதாகிறது!

கேள்வி:
வெல்டிங் பழகுவதற்கென்றே ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினேன். ஓட்டுநர் பக்கம் மிதியடியைத் தூக்கினால் தரை தெரிகிறது. மிக் வெல்டரில் (கம்பி தானாக வந்து உருகி ஒட்டும் வகை) 0.8 மி.மீ. கம்பி போட்டு, ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைத்தேன். ஒரு நொடி பிடித்தது. மறுநொடி தளத்தகடு உருகிச் சொட்டியது. உள்ளங்கை அளவு ஓட்டை இப்போது இரண்டு மடங்கு. கரண்டைக் குறைத்தால் கம்பி முனையில் உருண்டை திரள்கிறதே தவிர, ஒட்டுவதில்லை. எங்கே தவறு?

பதில் 1:
வெல்டரைக் குறை சொல்லாதீர்கள், துருவைச் சொல்லுங்கள். ஓட்டையைச் சுற்றித் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது தகடல்ல, காகிதம். பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டியெறியுங்கள். 0.6 மி.மீ. கம்பிக்கு மாறுங்கள், கம்பியைத் தள்ளும் உருளையையும் கம்பி வெளிவரும் துப்பாக்கி முனையையும் சேர்த்து மாற்றுங்கள். கோடாக இழுக்காமல் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று வையுங்கள். இடையில் ஆறவிடுங்கள், இல்லையேல் தகடு நெளியும்.

பதில் 2:
பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினீர்களா? தளத்துக்கு அடியில் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் ஓடும், குனிந்து பாருங்கள். கம்பளத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். நான் சோம்பேறித்தனமாகச் சுருட்டி மட்டும் வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் புகைந்தது.

கேட்டவர்:
குத்தினேன். கதவோரம் வரை திருப்புளி இறங்கிவிட்டது. வெட்டி முடித்தபோது ஓட்டை ஒரு தலையணை அளவு. ஆனால் வெட்டியெடுத்த துண்டின் நல்ல ஓரத்தில் புள்ளி வைத்துப் பழகியதில் பன்னிரண்டாவது புள்ளி பின்பக்கமும் ஊடுருவியிருந்தது. கம்பளத்தை வெளியே எறிந்துவிட்டேன்.