பக்கெட்டுக்குச் சொல்: வாளியா, கொம்பறையா, பெட்டகமா?

எல்லோருக்கும் வணக்கம்.

இணையவழிச் சேமிப்பில் கோப்புகளைப் போட்டு வைக்கிற "பக்கெட்"டுக்கு நம் கையேட்டில் என்ன தமிழ் எழுதுவது என்று கிளிநொச்சித் தம்பி ஒரு சொல்லைத்தான் கேட்டார், இழை இப்போது பத்துச் சொல்லுக்குப் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் பதில் எழுத எனக்கு நேரமில்லை, முக்கியமாகப் பட்டதை மட்டும் எழுதுகிறேன். இந்தக் கையேட்டை வாசிக்கப்போவது அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் படிக்கிற பிள்ளைகள். வாயால் கதைக்கும்போது அவர்கள் பக்கெட் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். எழுத்தில் நாம் வைக்கிற சொல் பிழையான படத்தை மனதில் வரையாமல் இருந்தால் எனக்குப் போதும்.

> "முகில் கோப்புறை" என்றே வைக்கலாம், எவருக்கும் விளங்கும்.

விளங்கும், பிழையாக விளங்கும். அமேசனின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை 2006 மார்ச்சில் வந்தது. அதன் வழமையான பக்கெட்டுக்குள் அன்றும் கோப்புறை இல்லை, இன்றும் இல்லை. "2024/பெரும்போகம்/வயல்" என்று பெயர் வைத்தால் அந்தச் சாய்கோடு பெயரில் வருகிற ஓர் எழுத்து மட்டுமே. திரையில் மஞ்சள் கோப்புறை தெரிவது நம் வசதிக்காக அவர்கள் காட்டுகிற வேடம். "பெரும்போகம்" என்பதை "காலபோகம்" என்று மாற்ற நினைத்தால், அந்தப் பெயரோடு தொடங்குகிற படங்கள் ஆயிரம் இருந்தால் ஆயிரத்தையும் புதுப் பெயருக்குப் படியெடுத்துவிட்டுப் பழையதை அழிக்கவேண்டும். ஒரு கோப்பைத் திறந்து கடைசியில் இரண்டு வரி சேர்க்கிற வேலையும் நடக்காது, முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். கோப்புறை என்று படித்த பிள்ளை முதல் நாளே நிரல் ஓடும்போது நடப்பதைக் குறிக்கிற பதிகைக் கோப்பை (லொக்) அதற்குள் வைத்து வரிவரியாக எழுதப் பார்க்கும், பிறகு ஏன் ஓடவில்லை என்று நம்மிடம் வரும்.

> வாளி. நேரடி மொழிபெயர்ப்பு, பிரச்சினை முடிந்தது.

ஆங்கிலத்திலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதைக் கவனியுங்கள். அமேசனும் கூகிளும் பக்கெட் என்கின்றன. மைக்ரோசொஃப்டின் அசூரும் ஓப்பன்ஸ்டாக்கின் ஸ்விஃப்டும் அதே பண்டத்தைக் கொண்டெய்னர் என்கின்றன. கொள்கலன் என்ற சொல்லை நாம் ஏற்கெனவே நிரலைப் பொதிந்து ஓட்டுகிற டொக்கருக்குக் கொடுத்துவிட்டோம். வாளி என்றால் வகுப்பில் சிரிப்பார்கள், அது ஒரு கிழமையில் அடங்கிவிடும். என் மறுப்பு வேறு: கிணற்றடி வாளிக்குப் பெயர் கிடையாது, உடையவரும் கிடையாது, கைக்கு எட்டியவர் எடுப்பார். பக்கெட்டுக்கோ பெயர்தான் உயிர். 3 முதல் 63 எழுத்துக்குள், பொதுவாக உலகம் முழுவதற்கும் அந்தப் பெயரில் ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கு முன் யாரோ வைத்துவிட்டால் வேறு பெயர் தேடவேண்டியதுதான்.

கொம்பறை சொன்ன முல்லைத்தீவு ரீச்சருக்கு: சொல் எனக்கு நல்ல விருப்பம். கம்பு வரிந்து மண் பூசிய கொம்பறையை இப்போதைய பிள்ளைகளில் கனபேர் கண்டிருக்கமாட்டார்கள், இந்தச் சாக்கிலாவது தெரிந்துகொள்வார்களே என்ற உங்கள் ஆசையும் விளங்குகிறது. ஆனால் கொம்பறைக்குள் கொட்டின நெல்லில் எது யாருடையது என்று பிரித்தெடுக்க ஏலாது. இங்கே வேலையே பிரித்தெடுப்பதுதான், உள்ளே போன ஒவ்வொன்றும் தன் பெயரோடு தனியாக இருக்கும், தனியாகத்தான் வெளியே வரும். களஞ்சியம் என்பதை நிரல் வைக்கிற கிட்டுக்கு எழுதிப் பழகிவிட்டோம், அதைத் தொடவேண்டாம்.

ஆகவே என் சொல் பெட்டகம். பெட்டகத்துக்கு உடையவர் உண்டு, பூட்டு உண்டு. 2023 ஏப்ரலில் இருந்து அமேசனில் புதிதாகத் திறக்கிற எந்தப் பக்கெட்டும் வெளியாருக்கு மூடியபடிதான் வருகிறது, வேண்டுமென்றே திறந்துவிட்டால்தான் திறக்கும். சொல்லும் அதையே சொல்கிறது.

> அதற்குள் இருக்கிற பொருளின் "கீ"க்குத் திறப்பு என்று போடலாமா?

வேண்டவே வேண்டாம். நம் பக்கம் திறப்பு என்றால் பூட்டுத் திறக்கிறது. கணக்குக்குள் நுழைய அமேசன் தருகிற அணுக்கத் திறப்பு (அக்சஸ் கீ) வேறு இருக்கிறது, அது இரகசியம்; இந்தக் "கீ" பக்கெட்டுக்குள் இருக்கிற கோப்பின் பெயர், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் எதை மறைக்கவேண்டும் என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். நான் சுட்டுப்பெயர் என்று எழுதுகிறேன்.

சுட்டுப்பெயர் பகுதியில் ஓர் உதாரணம் கட்டாயம் வரவேண்டும். வெள்ள அழிவைக் காட்ட இரண்டு கமக்காரர் இரண்டு கைபேசியில் இருந்து "வயல்1" என்ற ஒரே பெயரில் படம் ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். கோப்பு நம் வழங்கியின் (சேர்வரின்) வட்டிலேயே இருந்தால், தளம் கட்ட நாம் பயன்படுத்துகிற ஜாங்கோ இரண்டாவதின் பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் 7 எழுத்தும் ஒட்டிக் காப்பாற்றிவிடும். ஜாங்கோ ஸ்டோரேஜஸ் என்ற துணைப்பொதி வழியாக எஸ்3க்குப் போனாலோ, அமைப்பை நாம் மாற்றாதவரை இரண்டாவது படம் முதலாவதின் மேல் சத்தமில்லாமல் ஏறிவிடும். நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தவரின் கோப்பில் பக்கத்துக் காணிக்காரரின் வயல் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. பயனர் ஏற்றுகிற கோப்பை ஜாங்கோ "மீடியா" என்கிறது, அதற்கு ஊடகக் கோப்பு என்பதை விடுவோம். காணி அனுமதிப்பத்திரத்தை வருடி ஏற்றினால் அது எந்த ஊடகம்? பதிவேற்றக் கோப்பு போதும். தளத்தோடு நாமே வைக்கிற ஸ்டாட்டிக் கோப்புக்கு "மாறாக் கோப்பு" சரிவராது, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற பாணித்தாளை ஒவ்வொரு வெளியீட்டிலும் மாற்றுகிறோம், அதற்காகத்தானே நாம் அப்படி அமைத்தால் ஜாங்கோ கோப்புப் பெயரின் நடுவில் 12 எழுத்துக் குறி செருகுகிறது. நிலைக்கோப்பு இருக்கட்டும். முகிலா மேகமா என்ற சண்டையைத் தயவுசெய்து இந்த இழைக்குள் கொண்டுவராதீர்கள்.

பூட்டிய பெட்டகத்தில் இருந்து ஒருவருக்கு மட்டும் ஒரு கோப்பைக் காட்ட, குறித்த நேரம் மட்டும் திறக்கும்படி ஒப்பமிட்டுக் கொடுக்கிற முகவரிக்குத் தவணைச் சுட்டி. ஜாங்கோ ஸ்டோரேஜஸ் சும்மா விட்டால் 3600 வினாடி கொடுக்கும், அமேசன் ஆகக்கூடியது 7 நாள் விடும். "முன்னொப்பமிட்ட இணைப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார், சரிதான், ஆனால் நேற்று வட்ஸ்அப்பில் அனுப்பிய சுட்டி இன்று ஏன் திறக்கவில்லை என்று கேட்கிற அலுவலருக்குத் தவணை முடிந்துவிட்டது என்றால் உடனே பிடிபடும். அதோடு நம்மூரில் இணைப்பு இல்லை என்றால் சிக்னல் இல்லை என்றுதான் அர்த்தம்.

———

அண்ணை, கொம்பறையை விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல். ஆனால் பெட்டகத்தில் ஒரு சிக்கல். நிலைக்கோப்பு ஊருக்கே காட்டவேண்டியது. இலச்சினையையும் பாணித்தாளையும் பெட்டகத்தில் பூட்டி வைத்தால் பக்கம் எப்படித் தெரியும்? பிறகு "திறந்த பெட்டகம்" என்று இன்னொரு சொல் உண்டாக்குவீர்கள். அதைவிட வைப்பகம் என்று பொதுவாகப் போட்டால் இரண்டுக்கும் பொருந்துமே.

———

ரீச்சர், வைப்பகத்தைச் சிலர் வங்கிக்கும் எழுதுகிறார்கள், அதனால்தான் தயங்குகிறேன். நிலைக்கோப்புக்கும் பெட்டகம் மூடியே இருக்கலாம். முன்னால் கிளவுட்ஃபிரண்ட் போன்ற ஒரு விநியோக வலையமைப்பை வைத்து, உள்ளே வாசிக்கிற உரிமையை அதற்கு மட்டும் கொடுத்தால், ஊர் அதனிடம் கேட்கும், அது பெட்டகத்தில் எடுத்துக் கொடுக்கும், ஒருமுறை எடுத்ததன் படியைக் கொஞ்சக் காலம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இப்போது பரிந்துரைக்கிற முறையும் இதுதான், ஆகவே "திறந்த பெட்டகம்" கையேட்டில் வரத் தேவையே இல்லை.

பெட்டகம், சுட்டுப்பெயர், பதிவேற்றக் கோப்பு, நிலைக்கோப்பு, தவணைச் சுட்டி ஐந்தையும் வரைவில் போடுகிறேன். கொம்பறையைப் பெட்டகத்துக்கான அடிக்குறிப்பில் உங்கள் விளக்கத்தோடே சேர்க்கிறேன், நான்கு வரிக்கு மிஞ்சாமல் எழுதி அனுப்புங்கள். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுகிற முறைக்கு இன்னும் சொல் இல்லை. கடைசித் துண்டு தவிர மற்றவை 5 எம்பிக்குக் குறையக்கூடாது, அறுந்தால் அறுந்த துண்டை மட்டும் திரும்ப அனுப்பலாம், நெடுங்கேணிப் பக்கம் சிக்னல் இருக்கிற இலட்சணத்துக்கு நமக்கு அதிகம் தேவைப்படுவதே அதுதான். தம்பி "துண்டேற்றம்" என்கிறார். எனக்குச் சம்மதம், வேறு யாருக்கும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள்.