டென்மார்க் முதியவர்களிடம் கேட்ட பழைய கதைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஹேர்னிங் பக்கத்திலிருந்து:

நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இஞ்ச பிறந்து வளர்ந்த எங்கட பிள்ளைகள், டென்மார்க் ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நினைக்கினம். படிப்பும் வைத்தியமும் இலவசம், முதலாளியையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், எல்லாரும் சமம். நான் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடுகிற மனிதரின் வாயால் கேட்டது வேற கதை.

தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு அம்மா தன் மேசை லாச்சியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினா. கடவுச்சீட்டு அளவுதான் இருக்கும், மட்டை தேய்ந்துபோய். அவவின்ர அம்மா பதினாலு வயதில் பண்ணை வேலைக்குப் போனபோது கொடுத்த புத்தகம். எந்தப் பண்ணையில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வேலை செய்தா என்று எசமான்மார் எழுதியிருந்தினம். ஊர் மாறினால் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிய வேணும். வேலை மாறுவதற்கென்றே வருசத்தில் இரண்டு நாள்: மே 1, நவம்பர் 1. இடையில் விட்டுப் போனால் குற்றம். 18 வயதுக்குட்பட்ட வேலைக்காரப் பெடியனையும் 16க்குட்பட்ட பெட்டையையும் எசமான் அடிப்பதற்குச் சட்டமே இடம் கொடுத்தது. இதெல்லாம் 1921 வரைக்கும்! 1849இல் அரசியல் யாப்பு வந்தபோதுகூட பெண்களுக்கும் வீட்டு, பண்ணை வேலையாட்களுக்கும் வாக்கு இல்லை. 1915இல்தான் கிடைத்தது.

அந்த அம்மா தானும் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போனவவாம். மற்ற நாளில் கிழங்கு பிடுங்குவதும் மாடு பார்ப்பதும். பட்டினத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் பள்ளி. இந்த வேறுபாட்டை நீக்கிய சட்டம் வந்தது 1958இல். "நான் கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் பாதி நாள்தானே படித்தேன்" என்று சொல்லேக்க அவவின்ர குரலில் இன்னும் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு நல்லாய் விளங்கியது.

உங்களில் ஆரும் இப்படிக் கேட்டிருந்தால் எழுதுங்கோ.

கோபன்ஹேகனிலிருந்து:

அக்கா, உங்கள் பதிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மத்திய ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கல்தூண் நிற்கிறதே, அதைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பண்ணையடிமை முறையை 1788இல் ஒழித்ததன் நினைவாக எழுப்பியதாம். 1733இல் தொடங்கிய சட்டம் அது. ஒழிப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் 4 வயது முதல் 40 வயது வரையுள்ள குடியானவ ஆண்கள், பண்ணையார் அனுமதி இல்லாமல் பிறந்த எஸ்டேட்டை விட்டு நகர முடியாது. நாலு வயதுப் பையன்! இதைச் சொன்னவர் என் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

மேற்கு யூலண்டிலிருந்து (சொந்த ஊர் ஈரோடு பக்கம்):

நான் பால் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் விடுமுறை நாளில் என்னைக் காரில் ஏற்றி யெடிங் என்ற குக்கிராமத்துக்குக் கூட்டிப் போனார். டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை அங்கேதான் 1882இல் தொடங்கியது. இன்று அது அருங்காட்சியகம்.

அவர் விளக்கிய விதம் மறக்க முடியாது. அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவு தானியம் வந்து குவிந்து, இங்கே தானிய விலை படுத்துவிட்டது. சரி, வெண்ணெய்க்கு மாறலாம் என்றால், பெரிய பண்ணையார் வெண்ணெய்க்குத்தான் இங்கிலாந்தில் நல்ல விலை. ஐந்தாறு மாடு வைத்திருப்பவன் வீட்டில் கடைந்த வெண்ணெய் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தரமாக இருக்கும். அப்போது பாலாடையைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. எல்லார் பாலையும் ஒன்றாகக் கொட்டி ஒரே தரத்தில் வெண்ணெய் எடுக்க முடிந்தது. ஆடை நீக்கிய பால் வீட்டுக்கே திரும்பி வரும். அதைப் பன்றிக்கு ஊற்றினார்கள். பன்றி இறைச்சி மறுபடியும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. பாலுக்கு ஏற்ற பணம், ஆனால் ஓட்டு ஆளுக்கு ஒன்றுதான், நூறு மாடு வைத்திருந்தாலும்.

எங்க ஊர் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும் அப்பாவுக்கு அன்றைக்கே போன் போட்டு இதைச் சொன்னேன். அவர் உடனே கேட்டது, "தண்ணி கலக்கறவனை என்ன பண்ணுவாங்க?" பெரியவரிடம் கேட்டேன். கொழுப்பு அளவு பார்த்துப் பணம் கொடுக்கும் முறை பின்னால் வந்தது, அதற்கு முன்னால் அபராதம்தான் என்றார். நூறு வருடத்துக்கு முன்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுறவுப் பால் பண்ணைகள் இருந்திருக்கின்றன. ஊரில் பண்ணையாருக்கு இருந்த செல்வாக்கைக் குறைத்ததில் இந்த வெண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

1980களில் வந்தவன்:

நான் அகதியாக வந்து சேர்ந்த சின்னப் பட்டினத்தில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் பத்திரிகையோடு என்ர அறைக்கு வருவார். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கினது அவர்தான். அந்தக் காலத்தில் வாசித்த செய்தியே எங்களைப் பற்றியதுதான். தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை அழைப்பிக்கச் சட்டம் உரிமை கொடுத்திருந்தும், 1987இல் நீதியமைச்சர் எரிக் நின் ஹான்சன் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். 1993 ஜனவரியில் இதை விசாரித்த நீதிபதியின் சுமார் 6000 பக்க அறிக்கை வெளிவந்ததும் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சருக்கு, ஒத்திவைக்கப்பட்ட நாலு மாதத் தண்டனை.

"உங்களுக்காக மட்டும் இல்லை, எங்கள் சட்டத்துக்காகவும்தான் எனக்குக் கோபம்" என்று வாத்தியார் சொன்னார். தன்ர பாட்டனார் இன்னொருத்தர் காணியில் கூலிக்கு நின்றவர், சட்டம் இல்லாவிட்டால் ஏழைக்கு வேற ஒண்டும் இல்லை என்பார். இந்த நாட்டு அரசியல் வரலாற்றில் எங்கட பெயரும் எழுதப்பட்டிருக்கு என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேணும்.

ஹேர்னிங் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

அண்ணை, நீங்கள் எழுதினதுக்கு மெத்தப் பெரிய நன்றி. வாத்தியார் என்றதும் இன்னொரு விசயம் ஞாபகம் வருகுது. எங்கட இல்லத்தில் ஒரு ஐயா, பிரம்படி வாங்கின கையை விரித்துக் காட்டுவார். பள்ளியில் அடிப்பது நாடு முழுக்க நின்றது 1967இல். பெற்றோருக்கு இருந்த அடிக்கிற உரிமையை எடுத்தது 1997இல், எங்களில் கனபேர் வந்து சேர்ந்த பிறகு. "வெள்ளைக்காரனுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது" என்று சொல்லும் எங்கட ஆட்கள் இதைக் கவனிக்க வேணும். அந்த ஐயா அடி வாங்கினவர், தன் மகனையும் அடித்தவர். மகன் பேரனைத் தொட்டதில்லையாம். தான் வாழ்ந்த காலத்தில் நடந்த மாற்றங்களில் எது பெரிசு என்று கேட்டேன். ஓய்வூதியத்தையோ சலவை இயந்திரத்தையோ சொல்லுவார் என்று பார்த்திருந்தேன். அவர் சொன்னது இதைத்தான்.