கடிகார முட்கள்: 'சுழல்கோணம்', 'இடைக்கோணம்' — முன்மொழிவு

வணக்கம்.

கடிகாரக் கணக்குகளில் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் 'கோணம்' என்ற ஒரே சொல்லால் எழுதிவருகிறோம். ஒரு கால இடைவெளியில் ஒரு முள் கடந்த கோணம் ஒன்று. குறித்த நேரத்தில் மணி முள்ளுக்கும் நிமிட முள்ளுக்கும் நடுவில் உள்ள கோணம் மற்றொன்று. முன்னதற்கு உச்சவரம்பே கிடையாது. இரண்டரை மணி நேரத்தில் நிமிட முள் 900 பாகை சுற்றிவிடும். பின்னது 180 பாகையைத் தாண்டாது.

3:30-க்கு விடை 90 பாகை என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. நிமிட முள் 6-க்கு வந்ததைப் பார்ப்பவர்கள், அதே அரை மணியில் மணி முள்ளும் 3-ஐ விட்டு 15 பாகை நகர்ந்திருப்பதை விட்டுவிடுகிறார்கள். சரியான விடை 75. இரண்டு அளவுக்கும் தனிப்பெயர் இருந்தால், முதலில் ஒவ்வொரு முள்ளும் எவ்வளவு சுழன்றது என்று கேட்கும் பழக்கம் வரும். முன்னதைச் 'சுழல்கோணம்' என்றும் பின்னதை 'இடைக்கோணம்' என்றும் வைத்துக்கொள்ளலாமா?

---

> முன்னதைச் 'சுழல்கோணம்' என்றும்

'இடைக்கோணம்' சரி. சுழல்கோணத்துக்குத்தான் தேவை தெரியவில்லை. மேல்நிலை இயற்பியலில் 'கோண இடப்பெயர்ச்சி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அது நீளம் என்றால் 'வீச்சுக்கோணம்' எனலாமே?

---

> அது நீளம் என்றால் 'வீச்சுக்கோணம்' எனலாமே?

வீச்சு வேண்டாம். அலைவீச்சிலும் புள்ளியியலிலும் அந்தச் சொல் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. கோண இடப்பெயர்ச்சி பிழையான சொல் அல்ல. ஆனால் நேர்கோட்டு இயக்கத்தில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் இடப்பெயர்ச்சி சுழி என்று படித்தவர், ஒரு மணி நேரம் ஓடிய நிமிட முள்ளுக்கும் சுழி போடுவார். நமக்கு வேண்டியது 360. சுழல்கோணம் வினைத்தொகை, சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் கோணம் மூன்றையும் தாங்கும். எனவே அதற்கே என் ஆதரவு.

ஆனால் இந்த இரண்டு சொற்கள் மட்டும் போதாது. இடைக்கோணம் எந்த முள் முன்னால் இருக்கிறது என்று சொல்வதில்லை. மணி முள்ளிலிருந்து வலஞ்சுழியாக நிமிட முள் வரை அளக்கும் கோணத்துக்கு 'முந்துகோணம்' என்று பெயர் வைப்போம். நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை, மணி முள் 0.5 பாகை, ஆகவே முந்துகோணம் நிமிடத்துக்கு 5.5 பாகை வளரும். கணக்கிட, நிமிடத்தை 5.5-ஆல் பெருக்கி, மணியின் 30 மடங்கைக் கழிக்க வேண்டும். 12 மணியை 0 என்று கொள்க. குறை எண் வந்தால் 360 கூட்டுக. விடை 180-க்கு மேற்பட்டால் 360-இலிருந்து கழிக்கக் கிடைப்பது இடைக்கோணம்.

2:15 முதல் 3:05 வரை பாருங்கள். நிமிட முள்ளின் சுழல்கோணம் 300, மணி முள்ளுக்கு 25. முந்துகோணம் 22.5-இல் தொடங்கி 297.5-இல் முடிகிறது. வளர்ச்சி 275, அதாவது 300-இலிருந்து 25 போக மிச்சம். இடைக்கோணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 22.5, 62.5 என்று வரும். வித்தியாசம் 40 எதற்கும் உதவாது. மூன்றாவது சொல்லைக் கேட்பது இதனால்தான்.

ஓர் எச்சரிக்கை: நடுவில் முட்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்தால், ஒவ்வொரு முறைக்கும் 360 கூட்ட வேண்டும். 1:00 முதல் 2:15 வரை இரண்டு முறை சேர்கின்றன, 22.5-இலிருந்து 330 போக, 720 கூட்ட 412.5. 75 நிமிடத்தை 5.5-ஆல் பெருக்கினாலும் அதே விடை.

---

முந்துகோணம் நன்றாக இருக்கிறது. முட்கள் 12 மணி நேரத்தில் 12 முறை அல்ல, 11 முறைதான் சேரும் என்பதும் இதில் நேரே விழுகிறது: 360-ஐ 5.5-ஆல் வகுத்தால் 65 நிமிடம் 27 நொடியும் சொச்சமும்.

வரையறையில் 'தொடர்ந்து நகரும் முள்' என்று சேர்த்துவிடுங்கள். சில ரயில் நிலையக் கடிகாரங்களில் நிமிட முள் நிமிடத்துக்கு ஒருமுறை 6 பாகை தாவும். அங்கே 3:30:40-க்கும் நிமிட முள் சரியாக 6-இன் மேல்தான் நிற்கும். நொடிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் அதன் சுழல்கோணம் 4 பாகை கூடுதலாக வரும்.