புதுப்பிப்பு: ஜீன் ஹார்லோ கையெழுத்துப் படம் அசலா?

அப்பாவின் சேகரிப்பில் இருந்த, 1930களின் ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோவின் படத்தில் இருக்கும் கையெழுத்து அசல்தானா, என்ன விலை பெறும் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பதில் கிடைத்துவிட்டது: படம் பழையதுதான், கையெழுத்து அவருடையது அல்ல.

முதலில் புற ஊதா விளக்கு. 1950களுக்குப் பிந்தைய புகைப்படத் தாள்கள் பலவற்றில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால் நீலமாக ஒளிரும். ஹார்லோ 1937இல், 26 வயதிலேயே இறந்தவர். ஒளிர்ந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஒளிரவில்லை. அப்புறம் பூதக்கண்ணாடி. படத்தைச் சாய்த்தால் மை மேலே தனியாகப் படிந்திருப்பது தெரிகிறது, அதனால் அச்சிட்ட கையெழுத்தும் இல்லை.

முடிவைத் தந்தது, "மற்ற ரசிகர் படங்களோடு ஒப்பிடாதீர்கள், ஒப்பந்தங்களோடு ஒப்பிடுங்கள்" என்ற யோசனைதான். ஒப்பந்தங்களில் அவரே இட்ட கையெழுத்தோடு என் படத்தில் இருந்த எழுத்து பொருந்தவே இல்லை. ரசிகர்களுக்குப் போன படங்கள் பலவற்றில் அவருடைய அம்மாதான் கையெழுத்திட்டார். என்னுடையதும் அந்த வகை என்று நிபுணர் ஒருவர் உறுதி செய்தார்.

நான் எதிர்பாராதது ஒன்று: நடிகையின் இயற்பெயர் ஹார்லீன் கார்பென்டர். ஜீன் ஹார்லோ என்பது அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயர். ஆக, அம்மா எழுதியது தன் சொந்தப் பெயரை!

மகள் இட்டது ஆயிரக்கணக்கான டாலர் பெறும், அம்மா இட்டது அதில் சிறு பங்குதான். நான் விற்கவில்லை. பின்னால் யாரும் ஏமாறக் கூடாது என்று உறையின் மேல் "தாயார் இட்ட கையெழுத்து" என்று எழுதிவிட்டேன்.