ட்ரெய்லர் கூரையில் வைஃபை ஆண்டெனா: 10 மீட்டர் கேபிளோடு வரும் கிட் வாங்கலாமா?

சாரு_ஹூஸ்டன்

வணக்கம். எங்களிடம் 24 அடி ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு) ஒன்று இருக்கிறது, 2017 மாடல். சுவர் அலுமினியத் தகடு, கூரை வெள்ளை ரப்பர். மேனுவலில் ஈபிடிஎம் என்று போட்டிருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் டெக்சாஸில் போர்ட் அரான்சஸ் பக்கம் கடலை ஒட்டிய ஒரு ஆர்வி பார்க்கில் (இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) தங்கியிருக்கிறோம்.

பார்க்கின் வைஃபை, ஆபீஸ் வாசலில் ஒரு கம்பத்தின் மேல் இருக்கிறது. எங்கள் இடத்திலிருந்து 150 மீட்டர் இருக்கும். நடுவில் இரண்டு வரிசை பெரிய பெரிய ஃபிஃப்த் வீல் வண்டிகள் (பிக்கப் லாரியோடு பூட்டி இழுக்கும் உயரமான ட்ரெய்லர்கள்). வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போனில் சிக்னல் பலம் -78 காட்டுகிறது (பூஜ்யத்துக்கு எவ்வளவு கீழேயோ அவ்வளவு மங்கல்), வாட்ஸ்அப் தட்டுத்தடுமாறி ஓடுகிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஒன்றுமே இல்லை. எனக்கு வாரத்தில் சில நாள் வேலை மீட்டிங் உண்டு. அதைவிடப் பெரிய பிரச்சினை மாமியார். இங்கே இரவு ஏழரை, மதுரையில் காலை ஏழு. நாத்தனாரோடு வீடியோவில் பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஆன்லைனில் ஒரு கிட் பார்த்தோம். 8 டிபிஐ (ஆண்டெனா சிக்னலைக் கூட்டும் அளவு) குச்சி ஆண்டெனா, அடியில் காந்தம், 10 மீட்டர் மெல்லிய கேபிள், லேப்டாப்பில் செருக யூஎஸ்பி அடாப்டர், கூடவே "2 வாட் பூஸ்டர்". வாங்கலாமா? என் கணவர் கூரையில் ஓட்டை போட ட்ரில்லோடு தயாராக நிற்கிறார். ஓட்டை இல்லாமல் முடியுமா? மாமியார் போனுக்கும் டிவிக்கும் அதே சிக்னல் கிடைக்குமா?

பழைய_டவர்காரன்

சாரும்மா, முதல்ல அந்த ட்ரில்லை வாங்கி உள்ள வையுங்க. மத்ததை நிதானமா பேசலாம்.

நான் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்ன டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல மைக்ரோவேவ் ஸ்டேஷன் பார்த்தவன். இப்ப டாலஸ்ல மகன் வீட்டோட இருக்கேன், அவன் ட்ரெய்லருக்கு லைன்மேன் நான்தான். அதனால உரிமையோட சொல்றேன், அந்தக் கிட்டு வேண்டாம்.

கணக்கு இதுதான். ஆர்ஜி-58 மாதிரி மெல்லிசு கேபிள்ல வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை போனா மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 டிபி (சிக்னல் ஏறி இறங்குற அளவு) காலி. பத்து மீட்டர்னா பத்து டிபி. அதாவது மேல பிடிச்ச சிக்னல்ல பத்துல ஒரு பங்குதான் கீழ வந்து சேரும். ஆண்டெனா குடுக்கிற 8 டிபிஐயையும் தின்னுட்டு மேல கொஞ்சம் கடனும் வைக்குது. எல்எம்ஆர்-400 போட்டா மீட்டருக்கு கால் டிபிகூட போகாது, ஆனா அது சுண்டுவிரல் தடிமன். வண்டிக்குள்ள மூலைக்கு மூலை வளைச்சுக் கொண்டுபோறது பெரும்பாடு.

அந்தக் காந்தம் இருக்கே, அது ரப்பர் கூரையிலயும் ஒட்டாது, அலுமினியத்துலயும் ஒட்டாது. கார் கூரையை நினைச்சுப் பண்ணின சாமான்.

2 வாட் பூஸ்டரைப் பத்தியும் சொல்லிடறேன். இந்த நாட்டு எஃப்சிசி (ரேடியோ அலையைக் கட்டுப்படுத்துற அரசு ஆணையம்) விதிப்படி 2.4ல ரேடியோவோட பவர் 1 வாட்டுக்கு மேல போகக்கூடாது. எல்லாத் திசைக்கும் வீசுற ஆண்டெனா 6 டிபிஐயைத் தாண்டினா, தாண்டின அளவுக்குப் பவரைக் குறைக்கணும். சட்டத்தை விடுங்க, அதுல பிரயோஜனமும் குறைச்சல். அனுப்புற பவரைக் கூட்டினா நீங்க கத்துறது அங்க கேட்கும், அங்கேருந்து பேசுறது உங்களுக்குக் கேட்காது. நல்ல ஆண்டெனாவை உசரத்துல வச்சா ரெண்டு பக்கமும் லாபம்.

அப்ப என்ன பண்ணணும்? ரேடியோவையே மேல ஏத்திடுங்க. ஆண்டெனாவோட அடியில நேரா திருகி மாட்டுற சின்ன ரேடியோ வருது. மைக்ரோடிக் க்ரூவ், யுபிக்விட்டி புல்லட் ரெண்டும் அந்த ரகம். ஆண்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவுல கேபிளே கிடையாது. கீழ இறங்குறது ஈதர்நெட் வயர் மட்டும், அதுல 100 மீட்டர் வரைக்கும் கவலை இல்லை. கரண்டும் அதே வயர்லயே மேல ஏறும். க்ரூவ் 9லேருந்து 30 வோல்ட் வரைக்கும் வாங்கிக்கும். உங்க ட்ரெய்லர் பேட்டரி 12, சார்ஜ் ஏறும்போது 14 சொச்சம். அதனால இன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம், ஒரு சின்ன ஃப்யூஸ் போட்டு பாசிவ் பிஓஇ இன்ஜெக்டர் (ஈதர்நெட் வயர்ல கரண்டை ஏத்துற சின்னப் பெட்டி) வழியா நேரா குடுத்துடலாம். 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரை மட்டும் அதுல செருகிடாதீங்க, புகை வந்துடும்.

உசரம்தான் உங்க விஷயத்துல உயிர்நாடி. நடுவுல நிக்கிற ரெண்டு வரிசை வண்டியும் தகரச் சுவர் மாதிரி. கம்பத்து உச்சி கண்ணுக்குத் தெரியுது, போதும்னு நினைப்போம். போதாது. ரேடியோ அலை நூல் பிடிச்ச மாதிரி போறதில்லை, நடுவழியில உப்பிப் போகும். 150 மீட்டர் தூரத்துக்கு 2.4ல அந்த உப்பலோட ஆரம் நடுவுல 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஃப்ரெனெல் மண்டலம்னு பேரு. அதுல பாதிக்கு மேல, ஒரு 1.3 மீட்டராவது தடையில்லாம இருக்கணும். பக்கத்து வண்டி ஏசி மூடிக்கு மேல ஒரு ஆள் உசரம் தள்ளி ஆண்டெனா நின்னா நல்லது.

அதுக்குக் கூரையைத் தொடவே வேண்டாம். பின்னாடி ஏணி இருக்கில்ல? கொடிக்கம்பம் கட்டுற கிளாம்பு வாங்கி ஏணியோட ஒரு குழாயைக் கட்டுங்க. உப்புக்காத்து ஊர், அதனால கிளாம்பு, போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ். ஆண்டெனா மூட்டுல தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. எங்க ஸ்டேஷன்ல வேவ்கைடுக்குள்ள ஈரம் போகக்கூடாதுன்னு காய்ஞ்ச காத்தை அழுத்தி அடைச்சு வைப்போம். தண்ணி ஒரு சொட்டு உள்ள போனா ராத்திரி முழுக்க போன் வந்துக்கிட்டே இருக்கும். வயர் உள்ள நுழையுற இடத்துக்கு முன்ன ஒரு தொங்கல் விடுங்க. மழைத்தண்ணி அதுல வடிஞ்சு கீழ சொட்டிடும்.

இத்தனையும் வாங்குறதுக்கு முன்ன ஒரு வேலை பண்ணுங்க. செலவே இல்லை. மாமியார் பேசுற அதே ஏழரை மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் கம்பத்தடியில போய் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்க. பார்க் முழுக்க படம் பார்க்கிற நேரம் அது. கம்பத்தடியிலயே இழுக்கலைன்னா உலகத்துல எந்த ஆண்டெனாவும் உங்களைக் காப்பாத்தாது. கிணத்துல தண்ணி இல்லாம வாளியை மாத்தி என்ன செய்ய?

மிச்சிகன்_மணி

டவர்காரர் கடைசியாகச் சொன்னதை நான் முதலில் சொல்வேன். நாங்கள் போன பார்க்குகளில் பாதிக்கு மேல் வைஃபை கம்பத்தடியிலேயே நொண்டுகிறது. டெலிபோன் கம்பி வழியாக வரும் ஒரே ஒரு டிஎஸ்எல் இணைய லைனை வைத்துக்கொண்டு மொத்தப் பார்க்குக்கும் பங்கு போடுகிறார்கள்.

நான் ஸ்டார்லிங்க் மினிக்கு (செயற்கைக்கோள் வழி இணையம் தரும் சின்னத் தட்டு) மாறிவிட்டேன். 12 வோல்ட்டிலேயே ஓடும், 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். கடற்கரையில் மரத்தடை இல்லாததால் உங்களுக்கு வானம் திறந்து கிடக்கிறது, அதற்கு ஏற்ற இடம். மாதச் சந்தா மட்டும் கையைக் கடிக்கும். குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கப் போகிறவர்கள், பார்க் வைஃபை வாடகையிலேயே சேர்ந்திருக்கும்போது, முதலில் இந்த ஆண்டெனா வழியைப் பார்ப்பதுதான் நியாயம்.

சாரு_ஹூஸ்டன்

சார், மிக்க நன்றி. ஏழரைக்குக் கம்பத்தடியில் போய் நின்றேன். 22 எம்பிபிஎஸ் வந்தது. ஆபீஸ் பெண்மணியிடம், நாங்கள் ஆண்டெனா வைத்து உள்ளே ரவுட்டருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். ஆக, தண்ணீர் இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஏணி வழி சரி, ஆனால் நிரந்தரமாகக் கூரையில் வைத்தால்தான் அழகு என்று கணவர் பிடிவாதம். ஃப்ரிட்ஜுக்கு மேலே கூரையில் இருக்கும் வென்ட் வழியாக வயரை இறக்கலாம் என்று யூட்யூபில் பார்த்திருக்கிறார். இன்னொன்று, 8 டிபிஐ போதுமா, 12 டிபிஐ வாங்கினால் இன்னும் நல்லதா? அடுத்த கோடையில் ஷெனாண்டோவா, வெஸ்ட் விர்ஜினியா பக்கமும் போகிறோம், அங்கேயும் உதவ வேண்டும்.

நெட்வொர்க்_நிலா

அக்கா, டவர்காரர் ஐயா மேல் வேலையைச் சொல்லிவிட்டார், நான் கீழ் வேலையைச் சொல்கிறேன். மேலே இருக்கும் ரேடியோவை ஸ்டேஷன் மோடில் வையுங்கள். பார்க் வைஃபையை அது மட்டும் பிடிக்கும். கீழே வரும் ஈதர்நெட்டை இன்ஜெக்டரைத் தாண்டி ஒரு சின்ன ரவுட்டரின் WAN போர்ட்டில் (இணையம் உள்ளே வரும் துளை) செருகுங்கள். ஜிஎல்-ஐநெட் மாதிரி ஏதாவது போதும். உங்கள் போன், டிவி, அத்தை போன் எல்லாம் இந்த ரவுட்டரில்தான் இணையும். அந்த யூஎஸ்பி கிட்டில் இது நடக்காது, ஒரு லேப்டாப்போடு கதை முடிந்துவிடும்.

மேலே 2.4ல் பிடித்தால் உள்ளே 5 கிகாஹெர்ட்ஸில் கொடுங்கள். ஒன்றை ஒன்று மிதிக்காது. அலுமினியச் சுவர் இப்போது உங்கள் பக்கம், பக்கத்து வண்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே அவ்வளவாக வராது.

பார்க் வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் ஒன்றைத் திறக்குமே, அதை ரவுட்டருக்குப் பின்னாலிருந்து ஏதாவது ஒரு போனில் ஒரு தடவை நிரப்பினால் எல்லாச் சாதனத்துக்கும் சேர்த்துத் திறந்துவிடும். பார்க்குக்குத் தெரிவது மேலே இருக்கும் ஒரே ரேடியோதான். அந்தப் பக்கம் வரவே இல்லையென்றால் முகவரி மோதலைப் பாருங்கள்: மைக்ரோடிக் 192.168.88.1, ஜிஎல்-ஐநெட் 192.168.8.1, பார்க் எது வைத்திருக்கிறதோ அது. மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். டிவி ஸ்டிக்கில் அந்த லாகின் பக்கத்தோடு மல்லுக்கட்டும் தொல்லையும் இதோடு ஒழிந்தது.

பழைய_டவர்காரன்

22 வந்துச்சா? அப்ப தாராளமா செய்யலாம்.

12 டிபிஐ வேண்டாம். டிபிஐ கூடுதுன்னா எங்கேருந்தோ சக்தி வருதுன்னு அர்த்தமில்லை, மேலயும் கீழயும் போறதை நசுக்கிப் பக்கவாட்டுல தள்ளுது, அவ்வளவுதான். 8 டிபிஐ குச்சி செங்குத்துல 15 டிகிரி சொச்சத்துக்கு வீசும். 12ன்னா ஏழெட்டு டிகிரி. வண்டி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சு நின்னாலே அலை கம்பத்தைத் தாண்டிப் போயிடும். குச்சியை நிமிர்த்தி செங்குத்தா வையுங்க, பார்க்கோட ஆண்டெனாவும் பெரும்பாலும் செங்குத்துதான். ஒரே இடத்துல மாசக்கணக்குல இருக்கீங்க, அதனால இன்னொரு வழியும் உண்டு: 14 டிபிஐ பேனல் ஒண்ணை வாங்கி ஆபீஸ் பக்கமா திருப்பி வச்சா பின்னாடி பக்கத்து இரைச்சலும் குறையும். ஆனா கோடையில ஊர் ஊரா போகும்போது ஒவ்வொரு இடத்துலயும் இறங்கித் திருப்பணும். உங்களுக்குக் குச்சிதான் சௌகரியம்.

ஃப்ரிட்ஜ் வென்ட் நல்ல வழிதான், கூரையில ஓட்டை மிச்சம். ஆனா ரெண்டு விஷயம் பார்க்கணும். கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜா இருந்தா அதோட புகைக்குழாய்ச் சூடு அந்த வழியாத்தான் மேல போகும். வயர் குழாயைத் தொடாம எதிர் மூலையில கிளிப் போட்டு ஓடணும். ஃப்ரிட்ஜ் ஸ்லைட்-அவுட்ல (வண்டியோட பக்கத்துல வெளிய நீட்டுற அறைப் பகுதி) இருந்தா வென்ட் கூரையிலயே இருக்காது, பக்கச் சுவர்ல மேலயும் கீழயும் ரெண்டு இருக்கும். அப்ப ஏணிதான் கதி.

ஆண்டெனா தாங்கியைக் கூரையில திருகித்தான் ஆகணும்னு உங்க வீட்டுக்காரர் நின்னார்னா, அடியில பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் பட்டை), திருகுத் தலை மேல டைகார் செல்ஃப் லெவலிங் சீலண்ட் (தானே பரவி மட்டமாகுற ஓட்டை அடைப்பான்). சிலிக்கான் மட்டும் கூடாது. ஈபிடிஎம்ல அது ஒழுங்கா பிடிக்காது, அதைச் சுரண்டி எடுத்தப்புறம் வேற எதுவும் அங்க சரியா ஒட்டாது. கூரையில நடக்கும்போது ஒரு ப்ளைவுட் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்க. தாங்கி மடக்குற மாதிரி இருக்கட்டும். டெக்சாஸ்ல வண்டி உசரம் 14 அடி வரைக்கும் விடுவாங்க, பல மாநிலத்துல 13 அடி 6 அங்குலம். சட்டத்துக்கு முன்னாடி மரக்கிளையும் பெட்ரோல் பங்க் கூரையும் பதம் பார்த்துடும்.

மிச்சிகன்_மணி

வெஸ்ட் விர்ஜினியா என்றதும் ஞாபகம் வந்தது. கிரீன் பேங்க் பக்கம் போனால் ஆண்டெனாவை மடக்கியே வைத்திருங்கள் சாரு. அங்கே 100 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. அங்குள்ள ரேடியோ வானியல் ஆய்வகத்துக்காக 1958லேயே 13,000 சதுர மைல் பரப்பை ரேடியோ அமைதி வட்டாரமாக அறிவித்திருக்கிறார்கள். வட்டாரம் முழுக்கக் கெடுபிடி ஒன்றுமில்லை, டெலஸ்கோப்பை நெருங்க நெருங்கத்தான் வைஃபைக்குக் கட்டுப்பாடு. டெலஸ்கோப் பக்கத்தில் டீசல் வண்டிகளை மட்டுமே விடுகிறார்கள், பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் ப்ளக்கூட இரைச்சலாம். மாமியாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாரு_ஹூஸ்டன்

ஃப்ரிட்ஜ் ஸ்லைட்-அவுட்டில்தான் இருக்கிறது, வென்ட் பக்கச் சுவரில். அதோடு வீட்டில் விவாதம் முடிந்தது, ஏணிதான். க்ரூவ், 8 டிபிஐ குச்சி, வெளியில் போடும் ஈதர்நெட் வயர், ஸ்டெயின்லெஸ் கிளாம்பு ஆர்டர் போட்டுவிட்டேன். வயரை உள்ளே எடுக்க ஸ்லைட்-அவுட் ரப்பர் வழியாகத் தட்டையான ஈதர்நெட் துண்டு ஒன்று விடலாமா சார், ஸ்லைடை உள்ளே இழுக்கும்போது நசுங்குமா?

பழைய_டவர்காரன்

விடலாம்மா. கீழ் மூலை வேண்டாம், தண்ணி நிக்கும். பக்கவாட்டு ரப்பர்ல நடு உசரத்துல விடுங்க, வெளியே தொங்கல் மறக்காதீங்க. ஸ்லைடை இழுக்குறதுக்கு முன்ன அந்தத் துண்டைக் கழட்டி எடுத்துடணும். ரெண்டு முனையிலயும் கப்ளர் (ரெண்டு வயரைச் சேர்க்கிற மூட்டு) போட்டு வச்சா கழட்டுறது ஒரு நிமிஷ வேலை. வெளிய இருக்கிற கப்ளர் மழைக்குத் தாங்குற, மூடி வச்ச ரகமா பார்த்து வாங்குங்க.