தரிப்பு மின்னோட்டம்: நிறுத்திய வாகனத்தின் பற்றரியை இறக்கும் ஓட்டத்துக்கு ஒரு பெயர்

நிறுத்தி வைத்த வாகனத்தின் பற்றரியை இறக்கிவிடும் மின்னோட்டத்துக்கு தமிழ்க் கலைச்சொல் அகராதிக்கென இதுவரை முன்மொழியப்பட்டுள்ள சொற்கள் ‘மின்கசிவு’, ‘ஒட்டுண்ணி மின்வடிவு’ என்னும் இரண்டும் ஆகும். இரண்டையும் நான் ஏற்கவில்லை; ‘தரிப்பு மின்னோட்டம்’ என்பதை முன்மொழிகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மோட்டார் வாகனத் தொழிலைத் தமிழில் கற்கும் பிள்ளைகளின் கையில் இச்சொல் போய்ச் சேரவிருப்பதால், பழுதைத் தேடும்போது அவர்களைத் தவறான இடத்துக்கு அனுப்பாத சொல்லாக அது இருக்க வேண்டும் என்பதே என் முதல் அக்கறை.

‘கசிவு’ என்றதும், காப்புறை தேய்ந்த கம்பியிலிருந்து மின்சாரம் வெளியேறுவதே எவருக்கும் நினைவில் வரும். ஆனால் பெரும்பாலான வாகனங்களில் கம்பி நன்றாகவே இருக்கும். உரிய வழியில், உரிய சாதனத்துக்கே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சாதனம் அணையாமல் இருப்பதுதான் கோளாறு. முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியின் மூடி சரியாக அழுந்தாததால் உள்ளே எரிந்துகொண்டிருக்கும் சிறு விளக்கு, தொடுமுனை ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஆளி), வாகனம் வாங்கிய பிறகு பொருத்திய ரேடியோ, திருட்டு அலாரம், இடங்காட்டும் கருவி ஆகியவையே வழமையான காரணங்கள். இவற்றைக் கசிவு என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர் கம்பிக் கட்டைப் பிரித்துத் தேய்ந்த இடம் தேடுவார். உண்மையில் கசிவு என்று சொல்லத்தக்க ஒன்று வேறாக உண்டு. பற்றரியின் மேற்புறத்தில் அமிலமும் தூசியும் ஈரமும் சேர்ந்து இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய கடத்தும் படலமாகிவிடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, உப்புக்காற்றில் வாகனம் நிற்கும் எங்கள் பக்கத்தில் இதைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் வேறு சோதனை தொடங்கக் கூடாது. ‘மேற்பரப்புக் கசிவு’ என்று அதற்கே அச்சொல்லை விட்டுவிடலாம்.

‘ஒட்டுண்ணி’ என்பதில் உள்ள குறை வேறு. நிற்கும் வாகனம் எடுக்கும் மின்சாரம் முழுவதும் திருட்டு என்று அது சொல்லிவிடுகிறது. மணிக்கூடு, இயந்திரக் கணினியின் நினைவகம், சாவியின் சமிக்ஞைக்குக் காத்திருக்கும் கதவுப் பூட்டு ஆகியவற்றுக்கு நியாயமான ஒரு சிறு ஓட்டம் எப்போதும் தேவை. பெரும்பாலான கார்களில் அது 50 மில்லியம்பியருக்குள் அடங்கும். ஆகவே நமக்குத் தேவைப்படுவது, எல்லா வாகனத்திலும் உள்ள அந்த ஓட்டத்தைக் குறிக்கும் ஒரு பெயரும், அது அளவு மீறும்போது முன்னே சேர்க்க ஓர் அடைமொழியும்.

கராச்சில் வழங்கும் பேச்சையும் பார்த்தேன். “பற்றரி இறங்குது தம்பி” என்று வாகனக்காரர் சொல்வார். “எங்கயோ ஷோட்” (குறுஞ்சுற்று) என்று பதில் வரும். ‘இறங்குதல்’ மிக நல்ல சொல்; பாடநூலின் ‘மின்னிறக்கம்’ அதனோடு ஒட்டிப்போகிறது. ஆயினும் அது விளைவின் பெயர். தகடுகள் பழுதாகி ஏற்றம் தங்காமல் போனாலும், மின்பிறப்பாக்கி போதிய அளவு ஏற்றாவிட்டாலும், நிற்கும்போது சாதனமொன்று மின்சாரத்தை எடுத்தாலும் பற்றரி இறங்கத்தான் செய்யும். முதல் இரண்டையும் பற்றரியைச் சோதித்தும், இயந்திரம் ஓடும்போது முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற்று வருகிறதா என்று பார்த்தும் விலக்கிய பின்னர்தான் மூன்றாவதைத் தேட வேண்டும்.

தேடும் முறையே சொல்லின் வரைவிலக்கணத்தைத் தீர்மானிக்கிறது. பற்றரியின் எதிர்முனைக் (−) கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே பல்மானியை (மல்டிமீற்றர்) தொடராக இணைக்க வேண்டும். 10 அம்பியர் துளையில் தொடங்க வேண்டும். மானி இணைந்திருக்கையில் இயந்திரத்தை இயக்கவே கூடாது. இணைத்தவுடன் சில அம்பியர் காட்டினால் கலங்கத் தேவையில்லை, கணினிகள் விழித்திருக்கின்றன. அவை உறங்கிப் போக சில வாகனங்களில் அரை மணித்தியாலத்துக்கு மேலும் செல்லும். அதன் பின்னரும் 400 மில்லியம்பியரில் நின்றால் அது கோளாறு. 40 அம்பியர்-மணி கொண்ட பற்றரியை வெள்ளி பின்னேரம் நிறுத்தினால், திங்கள் காலைக்குள் ஏறத்தாழ 60 மணித்தியாலத்தில் 24 அம்பியர்-மணி போய்விடும். பாதிக்கு மேல் இறங்கிய பற்றரியை நம்பி வேலைக்குப் புறப்பட முடியாது. உருகிகளை (ஃபியூஸ்) ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று விழுகிறது என்று பார்ப்பது பழைய முறை. புதிய வாகனங்களில் உருகியைக் கழற்றி மாட்டினாலே உறங்கிய கணினி விழித்துவிடுவதால், உருகியின் முதுகில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மானியின் முனைகளை வைத்து, அங்குள்ள மில்லிவோல்ற்றை அளப்பதே மேல். எந்தச் சுற்றில் ஓட்டம் இருக்கிறதோ அந்த உருகி மட்டும் அளவு காட்டும்.

‘தரிப்பு’ என்பதை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், ‘வாகனத் தரிப்பிடம்’ என்ற பலகை இங்கே எல்லாருக்கும் பழக்கமாயிருப்பதுதான். ‘நிறுத்த மின்னோட்டம்’ என்றால் வாகனத்தை நிறுத்தும் மின்னோட்டம் என்று பொருள் மாறும். ‘தரிப்போட்டம்’ என்று சுருக்கவும் வேண்டாம். வாகனத்தோடு சேர்ந்து ‘ஓட்டம்’ வந்தால் அது வேறு ஓட்டமாகிவிடும். காரைதீவில் பிறந்து, 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் விபுலாநந்த அடிகள். அவருடைய மண்ணில் வழங்கும் சொல் ஒன்று அகராதிக்குப் போகுமானால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

வரைவிலக்கணத்தை இப்படி முன்வைக்கிறேன். தரிப்பு மின்னோட்டம்: சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறக்கநிலைக்குச் சென்ற பின் வாகனம் பற்றரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம், மில்லியம்பியரில் அளக்கப்படும். மிகைத் தரிப்பு மின்னோட்டம்: அவ்வாகனத்துக்கு உற்பத்தியாளர் குறித்த எல்லையைத் தாண்டிய தரிப்பு மின்னோட்டம். உறங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எக்காரணம் கொண்டும் வரைவிலக்கணத்திலிருந்து நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.