மூடிய கதவு என்றாலே மரணமும் மறுப்பும்தானா?

கேள்வி:
ஓவியத்திலோ சிற்பத்திலோ மூடிய கதவு வந்தால் அதை மரணம் என்றோ மறுப்பு என்றோ எழுதிவிடுவது விமர்சகர்களின் வழக்கமாகிவிட்டது. 1880இல் ஓர் அருங்காட்சியகத்தின் நுழைவாயிலுக்கெனக் கோரப்பட்டு, இன்றளவும் எவருக்கும் திறக்காத வெண்கலக் கதவாகவே நிற்கும், பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் ‘நரக வாயி’லுக்கு அந்த விளக்கம் பொருந்தலாம். மற்றவற்றுக்கும் பொருந்துமா? எந்தத் தடயத்தைக் கொண்டு முடிவு செய்வது?

பதில் 1:
கல்லறைக் கதவுகள்கூட ஒரே பொருளைத் தருவதில்லை. பண்டைய எகிப்தியக் கல்லறைகளில் கல்லில் செதுக்கிய போலிக் கதவு உயிருடன் இருப்பவர்களுக்கு வெறும் சுவர். ஆனால் இறந்தவரின் ‘கா’ என்னும் உயிராற்றல் அதன் வழியே வந்து, முன்னால் வைத்த படையலை ஏற்கும் என்று நம்பினார்கள். இத்தாலியின் தார்க்வீனியாவில், கி.மு. 6ஆம் நூற்றாண்டு எத்ருஸ்கர் என்னும் பண்டைய மக்களின் கல்லறை ஒன்றின் சுவரில், தீட்டிய கதவின் இருபுறமும் இருவர் நெற்றியில் கைவைத்துத் துயருறுகிறார்கள். ஆகவே கதவு யாருக்கு மூடியிருக்கிறது என்பதையே முதலில் கேட்பேன்.

பதில் 2:
முந்தைய பதிலை ஏற்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து திறக்க முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேய ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1851 முதல் 1853 வரை தீட்டிய ‘உலகின் ஒளி’யில், கையில் விளக்கேந்திய கிறிஸ்து இரவில் தட்டும் கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடியே இல்லை. கதவு மனித மனம். உள்ளே இருப்பவர் மனம் வைத்தாலன்றி அது திறக்காது. வாசலில் மண்டிய களைகளும் கதவில் படர்ந்த கொடியும், அது நெடுங்காலமாகத் திறக்கப்படவில்லை என்று காட்டுகின்றன. இங்கே மறுப்பு உண்டுதான், ஆனால் மறுப்பவர் மனிதர். காத்து நிற்பவரோ கடவுள். வழக்கமான விளக்கம் இந்தத் தலைகீழ் மாற்றத்தைத் தவறவிட்டுவிடுகிறது.

பதில் 3:
பார்வையாளரையே கதவின் முன் நிறுத்தும் படைப்புகளும் உண்டு. ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் உள்ள, பிரெஞ்சுக் கலைஞர் துஷாம்பின் கடைசிப் பெரும்படைப்பில், பழைய மரக்கதவின் இரு துளைகளில் கண் வைத்தால்தான் உள்ளே இருக்கும் காட்சி தெரியும். கதவு பார்வையைத் தடுக்கவில்லை. நம்மை ஒளிந்து பார்ப்பவராக ஆக்கிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷோய் 1900இல் வரைந்த, வெயில் கற்றையில் தூசு மிதக்கும் வெற்று அறையை இந்த அளவுகோல்களால் பார்த்தேன். அங்கும் மூடிய கதவு இருக்கிறது; ஆனால் தட்டுபவரும் இல்லை, காத்திருப்பவரும் இல்லை. அதைக் குறியீடாகக் கொள்வதைவிட, ஒளியின் சாயல் மாறுவதற்கு ஓவியர் அமைத்துக்கொண்ட ஒரு பரப்பாகக் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.